சாம்பல் நிறத்தில் நிற்கும் பேட்ஜ்

இங்கே நூலக மேசைக்கு வருகிறவர்கள் வந்த காரியத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சொல்லாவிட்டால் நான் கேட்டாக வேண்டும். கனடாவில் நூலகவியல் முதுகலை படித்துக்கொண்டு, பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலையும் பார்த்த எனக்கு அந்தக் கேள்வி நெடுநாள் வாயில் கூசியது. ஏற்காடு மலையில், நாகலூரில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் மேடேறி வந்தால், “என்ன விசயமா வந்தீங்க?” என்று கேட்பது வெளியே போகச் சொல்வதற்குச் சமம். காப்பி கொடுப்போம். மழையைப் பேசுவோம், மிளகைப் பேசுவோம். அவர் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் “அப்பறம் ஒண்ணுங்க…” என்று விஷயம் வெளியே வரும்.

எங்கள் படிப்பில் பட்டத்தோடு டிஜிட்டல் பேட்ஜ்களும் உண்டு. திறனுக்கு ஒன்றாக, திரையில் சின்னச் சின்னப் படங்கள். செய்து காட்டியதற்கான சான்றை ஏற்றி, ஆசிரியர் ஒப்புக்கொண்டால் சாம்பல் நிறத்தில் கிடக்கும் படம் வண்ணமாகும். வேலை கொடுப்பவர்கள் அதைத் தொட்டால் நாம் செய்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். வருகிறவரின் உண்மையான தேவையைக் கேட்டறியும் திறனுக்கும் ஒரு பேட்ஜ். அதில் முதல் முறை தோற்றேன்.

“குளிரைப் பற்றிக் கேட்டாய், சாப்பிட்டாரா என்று கேட்டாய். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை” என்றார் ஆசிரியை லாரா.

“மரியாதையாகத்தானே பேசினேன்?”

“மரியாதை இருந்தது. உதவி இல்லை.”

எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். அடுத்த முறை நேராகக் கேட்டேன். படம் பச்சையானது. அன்றே வீட்டுக்கு அனுப்பினேன்.

“இத எங்க குத்திக்கறது கண்ணு? ஊக்கையே காணோமே” என்றாள் அம்மா.

அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். “எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு சட்டையில வெறும் பேனாதான். எம்புள்ளைக்குப் பாரு, போனுக்குள்ளயே மெடலு!”

அப்பாவுக்கு எஸ்டேட்டில் மரமேறும் வேலை. காப்பிச் செடிக்கு வெளிச்சம் விழுவதற்காக உயரமான சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பார். அதில் தன்னை மிஞ்ச மலையில் ஆளில்லை என்பது அவர் கர்வம். என் கர்வமும் அங்கிருந்து வந்ததுதான்.

அடுத்தது மருத்துவத் தகவல் பேட்ஜ். அது கிடைத்தால்தான் அடுத்த பருவத்திலும் மேசை வேலை நீடிக்கும். அதன் விதி கண்டிப்பானது: தகவலைக் கொடு, ஆலோசனை சொல்லாதே. முடிவு கேட்பவருடையது. அதற்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அழைத்தாள்.

“தோட்டத்துல காட்டெரும எறங்கீருச்சு. மழ நொம்ப. பாய் கடைக்கு புதுசா தகரம் போட்டிருக்காரு…”

குரல் சரியில்லை. “எதுக்கும்மா கூப்பிட்ட? நேராச் சொல்லு” என்றேன். அம்மாவிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. “உங்கப்பனுக்கு முள்ளுக் குத்துன கால்ல, சக்கர நோவால புண்ணு ஆறாம அழுகீருச்சு சாமி. பாய் வண்டியிலதான் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். முழங்காலுக்குக் கீழ எடுக்கோணுமாம். இல்லீன்னா உசுருக்கே ஆவாதாம். உங்கப்பன் மாட்டேங்கறாரு. மரமேற முடியாத உசுரு இருந்தா என்ன, போனா என்ன, காலோடவே போவட்டுங்கறாரு. கடசியில, எம்புள்ளயக் கேளு, அது வேண்டாம்னுதான் சொல்லும், அது சொன்னாக் கேட்டுக்கறேன்னுட்டாரு.”

கற்றது தானாக வாயில் வந்தது. “நான் நல்லாப் படிச்சுப் பாத்து வெவரம் அனுப்பறேம்மா. முடிவு நீங்கதான்…”

“வெவரத்த வெச்சு நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் படிக்கவா தெரியும்? உன்னைய எதுக்குப் படிக்க வெச்சோம்? எடுக்கச் சொல்லட்டா, வேண்டாங்கட்டா?”

“எடுக்கச் சொல்லும்மா.”

அவள் போனை வைத்தாள்.

வகுப்புக்கு வராத காரணத்தை லாராவிடம் சொன்னேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. எனக்கு உதவுவதாக நினைத்து, “அந்த உரையாடலையே பேட்ஜுக்குச் சான்றாக எழுதலாமே. உன் அம்மா கேட்டதையும் நீ சொன்னதையும் அப்படியே எழுது” என்றார்.

“எடுக்கச் சொன்னேன்.”

“ஓ” என்றார். “அப்படியானால் அது கணக்கில் வராது.”

அவர் சொன்னது சரி. முன்பின் தெரியாதவருக்கு அந்த விதி ஒரு பாதுகாப்பு. இன்றும் நான் அதை மதிக்கிறேன். பெற்றவளிடம் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர். அதை லாராவுக்கு விளக்க முயன்றேன். கலாசார வேறுபாடு என்று புரிந்துகொண்டு தலையசைத்தார். நான் அதை எழுதவில்லை. வேறு சான்று தேடி ஓடும் மனமும் இல்லை. பேட்ஜ் சாம்பல் நிறத்திலேயே நின்றது. மேசை வேலை வேறொருவருக்குப் போயிற்று. இப்போது ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு படிப்பை முடிக்கிறேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். என்னோடு பேசுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் “எம்புள்ளதான் எடுக்கச் சொல்லுச்சு” என்கிறாராம். பெருமையா, பழியா என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அங்கே காலை, இங்கே இரவாகும் வேளையில் அவள் என்னை அழைத்து, போனை அவர் கட்டிலருகே சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி பறிக்கப் போய்விடுகிறாள். அவர் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரிவது முதுகு மட்டும். அவரும் அழைப்பைத் துண்டிப்பதில்லை, நானும் துண்டிப்பதில்லை. நேற்று அப்படி இருக்கையில் ஏற்காடு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. பள்ளிக்கூட நாள் பழக்கத்தில், பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்துவிட்டேன். எதிரே விடுதியின் நீண்ட நடைகூடம். முதுகுக்குப் பின்னால், போனுக்குள், பஸ் ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பும் சத்தம்.