பஸ் நம்பருக்கு மேல் எம்.எல்.ஏ. வரலாறு

வண்டி சர்வீஸில் இருப்பதால் இன்று மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

பக்கத்தில் ஸ்கேன் கவரோடு ஒரு அக்கா. "ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸும்மா போவும்?"

பஸ் நம்பர் பலகையைப் பார்க்கத் திரும்பினேன். அதன்மேல் எங்கள் எம்.எல்.ஏ.வின் வாழ்க்கை வரலாற்றை ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். வட்டச் செயலாளர், கவுன்சிலர், மூன்று முறை எம்.எல்.ஏ. மாணவராக இருந்தபோது பஸ் கட்டண உயர்வை எதிர்த்துச் சிறை சென்றாராம்.

பசை வாளியோடு நின்ற கட்சிக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"நம்பரெல்லாம் அடியிலதான் கீது மேடம். அண்ணன் பொறந்தநாளு முடியட்டும், கிழிச்சிடறோம்."

"அதுவரிக்கும் நான் இங்கியே நிக்கணுமா நைனா?" என்றார் அக்கா.

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அண்ணன் சிறைக்குப் போன தேதிகூட எனக்கு இப்போது மனப்பாடம். ராயப்பேட்டை பஸ் நம்பர் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.