பென்டிரைவ்ல இருந்த ஆர்கெஸ்ட்ரா

சித்தூர்ல மைக் செட் போடறேன். கல்யாணம், கோயில் ஜாத்திரை, கட்சி மீட்டிங். செட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தா திட்டு விழும். உடனே ஒரு பாட்டு போட்டுடணும். எங்க தொழில் அப்படி.

ஒரு சர்ச்சுல கொயர், அதான் பாட்டுக் குழு, நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டாங்க. அமெரிக்காக்காரர் ஒருத்தர் இந்தக் காலத்துல எழுதின பாட்டாம். கொயரும் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து செய்யறது. அத்தனை வாத்தியத்துக்கு எங்க போறது? வாத்தியத்தை மட்டும் ரெக்கார்டு பண்ணி பென்டிரைவ்ல கொண்டாந்தாங்க.

கொயருக்கு அதைப் பழக்கினவரு திருப்பதி ஆஸ்பத்திரியில செத்துட்டாரு. அவரு நினைவுக்குத்தான் நிகழ்ச்சி. அவரு சம்சாரம் ரோசலின் டீச்சர் கை அசைச்சு நடத்தறாங்க. ரிகர்சல்ல எங்கிட்ட வந்தாங்க.

"அண்ணா, நடுவுல வாத்தியம் நிக்கும். அங்க பென்டிரைவை நிறுத்தி வெச்சிடுங்க. ஒருத்தர் தனியா ஒரு வரி பாடுவாரு. அப்புறம் கொஞ்சம் அமைதி. என் கை ஏறினாத்தான் திரும்பப் போடணும். முன்னாடி போட்டா பாட்டு உடைஞ்சிடும். பென்டிரைவ் எங்களுக்காக நிக்காது."

அந்த வரியை அவங்க வீட்டுக்காரர்தான் பாடுவாராம். இப்ப வேற ஆளு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சர்ச் நிறைஞ்சி ஜனம். வாத்தியம் நின்னுச்சு, பட்டனை அழுத்தி பென்டிரைவை நிறுத்தினேன். அந்தாளு பாடி முடிச்சாரு. அமைதி.

டீச்சர் கை ஏறலை. தலை குனிஞ்சி நிக்கறாங்க. பாடறவங்க எல்லாம் அவங்களையே பாத்துக்கினு இருக்காங்க. ஃபேன் சத்தம் மட்டும்தான். பின்னாடி ஜனம் திரும்பி என்னைப் பாக்குது.

கமிட்டிப் பெரியவர் குனிஞ்சபடி வந்தாரு. "ஏமய்யா, தூங்கறியா? செட்டு போச்சின்னு நினைக்கறாங்க. போடு."

"அவங்க கை ஏறலைங்க."

"உனக்கு எதுக்கு அவங்க கை? மெஷின் உன்கிட்டதான இருக்குது?"

விரல் பட்டன் மேல. கண்ணு டீச்சர் மேல. அவரு என் தோளைப் புடிச்சாரு. நான் அசையலை.

டீச்சர் முந்தானையில முகம் துடைச்சாங்க. நிமிர்ந்தாங்க. கை ஏறுச்சு. அழுத்தினேன். வாத்தியமும் நாப்பது குரலும் ஒண்ணா வந்துச்சு. கடைசி வரைக்கும் எங்கயும் விட்டுப்போகலை. பெரியவர் என் பக்கத்துலயே நின்னு கேட்டாரு. தோள்ல இருந்து கையை எடுத்துட்டாரு.

ஒயர் சுத்தறப்ப டீச்சர் வந்தாங்க. "என்னை விட்டுட்டுப் போகலை அண்ணா நீங்க"ன்னாங்க. பென்டிரைவைக் கழட்டி அவங்க கையில குடுத்தேன்.

புதுசா செட் போட வர்றவங்களுக்கு ஒண்ணு. மேடையில நிக்கறவங்களால முடியலைன்னா விரல் பட்டன் மேல இருக்கட்டும். அழுத்தாதீங்க. யார் திட்டினாலும்.