மச்சான் வளர்த்த தாடி

என் அம்மாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் கடைசிச் சித்திக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகன் அவன். எனக்குத் தம்பி. முடிவெட்டுகிறவன். கடைவீதி முழுக்க அவனுக்குப் ‘பஞ்சுக்கை’ என்றுதான் பெயர். அவன் நுரை தடவிக் கத்தியை வைத்தால் கன்னத்தில் ஏதோ லேசாக ஊர்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பாதிச் சவரத்தில் குறட்டை விட்டவர்கள் உண்டு. கத்தரியால் சீப்பில் தட்டித்தான் அவர்களை எழுப்புவான்.

கடை அவன் மனைவியின் அண்ணனுடையது. மூன்று நாற்காலி. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி இவனுக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதன் பின்னால் வேறு யாரும் நின்று வேலை செய்ததில்லை. மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தாலும் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து, “பஞ்சுக்கை முடிக்கட்டும், எனக்கென்ன அவசரம்” என்று பேப்பரைப் புரட்டுவார்கள். காலையில் கடை திறந்ததும் முதல் சவரம் மச்சானுக்குத்தான். அந்த நாற்காலியைத் தவிர அவனுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறொன்றும் இருந்ததில்லை.

ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டான். அது சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ், மிச்ச நாள் கடை என்று ஆயிற்று. அதைத் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாமல் போனது அரிப்பு.

முதுகில் தொடங்கியது. தோலுக்கு மேலே அல்ல, நகம் எட்டாத ஆழத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி. சொறிந்தால் அடங்காது, இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். தோல் வறண்டு சாம்பல் பூத்தது. முழங்கையிலும் கணுக்காலிலும் சின்ன முடிச்சுகள் எழும்பி, சொறிந்து சொறிந்து கறுத்துக் கெட்டியாயின. துவைக்கப் போடுகிற சட்டையில் முதுகுப் பக்கம் புள்ளி புள்ளியாக ரத்தம்.

முடிவெட்டுகிறவனுக்கு இதில் தனியாக ஒரு தண்டனை உண்டு. வெட்டிய முடித் துணுக்கு. அது சட்டைக் கைக்குள்ளும் கழுத்துப் பட்டிக்குள்ளும் புகுந்து, வறண்ட தோலில் ஊசியாய் நிற்கும். முழுக்கைச் சட்டை போட்டான். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டினான். கத்தி கையில் இருக்கும்போது சொறிவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டான். கத்தியைக் கீழே வைப்பான், சொறிவான், கை கழுவுவான், மறுபடி கத்தியை எடுப்பான். ஒரு சவரத்துக்கு ஆறு தடவை. ஒளிந்து சொறியவும் வழியில்லை. எதிரிலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. நாற்காலியில் சாய்ந்திருக்கிறவர் அத்தனையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் கறாரான பெண்மணி.

“ரத்தத்துல பாஸ்பரஸ் ஏறியிருக்கு. பாலைக் குறைங்க, கூல்டிரிங்க்ஸைத் தொடாதீங்க. இந்த மாத்திரைய சாப்பாட்டோடவே போடணும், அப்புறம் போட்டா வேலைக்கு ஆகாது. மெஷின்லேர்ந்து அரை மணி முன்னாடி எறக்கிவிடுங்கன்னு என்னைக் கெஞ்சாதீங்க.”

“எறங்குனா என்ன ஆகும் சிஸ்டர்?”

“நீங்க சொறிவீங்க. எனக்கென்ன.”

சொன்னபடி நடந்தான். கடையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூடியில் மாத்திரை தயாராக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அவன் குளித்ததும், ஈரம் காய்வதற்குள் மனைவி முதுகில் களிம்பு தடவுவாள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாள். சொறியத் தோன்றினால் அந்த இடத்தில் ஈரத் துணியை வைத்து அழுத்தச் சொல்வாள். பாதி அடங்கியது. மிச்சப் பாதி அடங்கவே இல்லை.

மகள் தன் துண்டைத் தனிக் கொடியில் காயப்போட ஆரம்பித்தாள். அவன் என் வீட்டுக்கு வந்து போன பிறகு அவன் குடித்த தம்ளரை நானும் தனியாகத்தான் எடுத்து வைத்தேன். ஒட்டாது என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கடையில் முதலில் வாய் திறந்தவர் டயர்கடைக்காரர். பத்து வருஷமாக இவனிடம் மட்டுமே தலையைக் கொடுத்தவர்.

“என்னப்பா பஞ்சுக்கை, சொரண்டல் லாட்டரி மாதிரி ஒடம்பைச் சொரண்டிட்டே இருக்கே?”

“பரிசு விழுந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேண்ணே.”

பெஞ்சே சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த வாரம் டயர்கடைக்காரர் இரண்டாம் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் இவன் முகம் தெரியாதபடி கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மச்சானும் வீட்டிலேயே மழித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஆனாலும் தங்கை புருஷன் ஆயிற்றே. மூன்று நாள் அலைந்து டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினார். ‘இவருடைய தோல் அரிப்பு சிறுநீரக நோயால் வருவது. இது தொற்று நோய் அல்ல.’ அதைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, முதல் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்.

அதுவரை தெரியாதவனுக்கும் தெரிந்துபோயிற்று. புது ஆள் வந்து உட்காருவான், நிமிருவான், படிப்பான், “பர்ஸை மறந்துட்டேன்” என்று எழுந்து போவான்.

“ஒட்டாதுன்னு எழுதி மாட்டுற அளவுக்கு இருக்குன்னா, பார்த்துக்கோயேன்” என்றார் டயர்கடைக்காரர், அவன் காதில் விழும்படி.

ஒரு மாதத்தில் முதல் நாற்காலி காலி. பஞ்சுக்கை நின்றபடியே நாள் முழுக்கத் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், அதைக் கழட்டிடுங்க.”

“உனக்காக அலைஞ்சு வாங்கினது மாப்ள. கழட்டினா, அப்போ ஒட்டும்போலன்னு பேசுவாங்க.”

“சரி, அப்போ ஒண்ணு பண்ணுங்க. நாளைக்குக் கூட்டம் இருக்கும்போது என் நாற்காலில வந்து உட்காருங்க. எல்லாரும் பார்க்க உங்களுக்கு மழிச்சு விடறேன். முதலாளியே உட்கார்ந்தா அப்புறம் எவன் பேசுவான்?”

மச்சான் கன்னத்தைத் தடவினார். “நல்ல யோசனைதான். நாளைக்கே பண்ணிடலாம்.”

மறுநாள் அவருக்குத் தொண்டை வலி. அதற்கடுத்த நாள் அவசர வேலை. முப்பது வருஷமாகத் தினம் மழித்த மனிதர் மழிப்பதையே விட்டுவிட்டார். மழித்துக்கொண்டு வந்தால், வீட்டில் செய்ததை இங்கே செய்தால் என்ன என்று கேட்டுவிடுவானே. தாடி வெள்ளையாக, திட்டுத் திட்டாக வளர்ந்தது.

“என்ன முதலாளி, காதல் தோல்வியா?” என்றார் டயர்கடைக்காரர்.

அவர் தங்கையே நேரில் போய்க் கேட்டாள். “அண்ணே, கால் மணி நேரம் உட்கார்ந்தா என்ன கொறைஞ்சு போயிடுவீங்க?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. இப்போ தாடிதான் ஃபேஷன்.”

“அம்பத்தெட்டு வயசுலயா?”

“போய்ப் புருஷனுக்கு மருந்து தடவு, போ.”

பஞ்சுக்கை மட்டும் நம்பினான். கடைக்குப் போகிற நாளெல்லாம் காலையில் புது பிளேடு மாட்டி, நாற்காலியைத் துடைத்து, அவருக்கென்று ஒரு சுத்தமான துணியை எடுத்து வைத்துக் காத்திருந்தான். இருபத்தாறு நாள்.

இருபத்தேழாம் நாள் டயாலிசிஸ். அன்றைக்குக் கடைக்குப் போகிற வழக்கமில்லை. முந்தின நாள் கடையில் மறந்து வைத்த டிபன் பாக்ஸை எடுக்கலாம் என்று திரும்பும் வழியில் இறங்கினான். உள்ளே இரண்டாம் நாற்காலியில் மச்சான் தலையைச் சாய்த்துக் கிடந்தார். ஒரு கன்னம் வழுவழுவென்றிருந்தது, மறு கன்னத்தில் நுரை. இரண்டாம் நாற்காலிக்காரன் கையில் கத்தி. பெஞ்சில் டயர்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும்.

மச்சான் எழப் பார்த்தார். “மாப்ள, இன்னைக்கு நீ வர மாட்டேன்னு... வீட்ல போட்டோ எடுக்கணும்னாங்க, அதான்...”

“அசையாதீங்க மச்சான், கிழிச்சிடும்” என்று சொல்லிவிட்டு அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். முடிகிறவரை காத்திருந்தான். அவனுக்கு முதுகு பற்றி எரிந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு தடவைகூடச் சொறியாமல் இருந்தான்.

மச்சான் முகத்தைத் துடைத்ததும் எழுந்தான்.

“ஒட்டாதுன்னு டாக்டர் எழுதினார். ஒட்டும்னு நீங்க மூஞ்சில எழுதிட்டீங்க. இவங்க எல்லாரும் படிச்சிட்டாங்க மச்சான்.”

நாலு பேர் முன்னால் சொன்னது மச்சானுக்குச் சுட்டுவிட்டது. “உன்னை இத்தனை நாள் நிக்க விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். கத்தரி, சீப்பு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ. இனிமே அதை எவன் தொடுவான்?”

எடுத்துக்கொண்டான். டிபன் பாக்ஸை மறுபடியும் மறந்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனான். பஸ் கடைவீதி வழியாகத்தான் போகும். ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் இவன், கண்ணை மூடி முதுகைச் சீட்டில் தேய்த்தபடி. கடை வாசலில் முதல் நாற்காலி வெறும் இரும்பாக நின்றது. அதன் ரெக்சினையும் பஞ்சையும் உரித்தெடுத்துச் சாக்கடை ஓரத்தில் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். மச்சான் ஒரு கம்பால் கிளறிக்கொண்டிருந்தார்.

புகை பஸ்ஸுக்குள் வந்தது. அவன் மூக்கைச் சுளித்தான்.

“என்ன எரிக்கிறாங்க?”

அவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.

“குப்பை” என்றாள்.