கதவோரம் நிற்கும் உருவம்

இடது கை பழைய கம்ப்யூட்டரின் விசையைத் தட்டிய அதே கணத்தில் வலது கை புதிய கையடக்க விளையாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தியது. இரண்டு திரைகளிலும் தொப்பிக்காரப் பொம்மை ஒன்றாகத் தாவி, ஒன்றாகப் பாறைமேல் இறங்கியது. இம்மி பிசகினாலும் அந்தக் கைகள் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

ஒரு கருவிக்கு எழுதிய விளையாட்டை இன்னொன்றுக்கு மாற்றி எழுதுவது அவள் பிழைப்பு. யாரிடமும் பாடம் கேட்டதில்லை. பிரித்துப் பார்த்துத் தானே கற்றது. மூலத்தில் தவறு இருந்தால் தவறோடுதான் மாற்றுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'ஈயடிச்சான் அக்கா'.

இந்தத் தாவல் விளையாட்டை எழுதியவன் அவள் தம்பி. எழுதி முடித்த கையோடு ஒருநாள் கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே போனான். திரும்பவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்லவும் ஆளில்லை.

விளையாட்டில் ஒரு குகை அறை உண்டு. பொம்மை உள்ளே நுழைந்ததும் கதவோரம் வெளிறிய உருவம் ஒன்று தோன்றி மறையும். கதவைப் பார்த்தபடி, கிளம்பிவிட்டவன்போல நிற்கும்.

அதை யாரும் வரையவில்லை. படங்களை எடுக்கும் கட்டளை கணக்குத் தவறி ஒரு படம் கூடுதலாக எடுத்துவிடுகிறது. படங்களை ஒட்டி நினைவகத்தில் கிடப்பவை பொம்மை எவ்வளவு தாவ வேண்டும் என்ற எண்கள். தம்பி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து வைத்த எண்கள். அவைதான் உருவமாகத் தெரிகின்றன.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி எடுபடாது. ஒவ்வொரு புதுக் கருவியிலும் அந்த அறைவரை மட்டும் விளையாடுவாள். "இன்னும் அந்தப் பக்கமேதான் பாத்துட்டு நிக்கிறான்" என்று சொல்லிக் கீழே வைத்துவிடுவாள்.

இந்தப் புதிய கருவியில் உருவம் வரவே இல்லை. இங்கே படங்களுக்குத் தனி இடம், எண்களுக்குத் தனி இடம்.

"விட்டது சனியன்னு விடுங்கக்கா," என்றான் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்லும் பக்கத்து மேசைக்காரன். "செத்த ஈயைத் தேடிப் பிடிச்சு ஒட்டப் போறீங்களா?"

"மூலத்துல இருக்குல்ல?"

"அப்ப ஒரு படமா வரைஞ்சு வைங்க."

"வரைஞ்சா அது என் கைடா. அவன் கை இல்ல."

எண்களைக் கொண்டுவந்து படங்களுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தாள். பொம்மைகள் குகைக்குள் நுழைந்தன. இரண்டு திரைகளிலும் உருவம் வந்தது. அவள் கைகள் அப்படியே நின்றன.

இடது திரையில் அது கதவைப் பார்த்தது. வலது திரையில் உள்ளே பார்த்தது.

காரணம் உடனே பிடிபட்டது. புதிய கருவி படங்களை வலமிருந்து இடமாகப் படிக்கும். அதற்காக மற்ற படங்களையெல்லாம் அவளே திருப்பிப் போட்டிருந்தாள். எண்களைத் திருப்ப முடியாது, தாவலே கெட்டுவிடும். காரணம் தெரிந்தும் இன்னொரு முறை குகைக்குள் நுழைந்து பார்த்தாள்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். கேலி போன இடம் தெரியவில்லை. "அம்மாகிட்ட காட்டாதீங்கக்கா. வரப்போறான்னு வாசலையே பாத்துட்டு உக்காந்துடுவாங்க."

"இப்ப மட்டும் வேற எங்க பாக்கறாங்க?"

மறைக்க ஒரு வரி போதும். எழுதினாள்; ஓட்டிப் பார்த்தாள். கதவோரம் வெறும் கறுப்பு. தம்பியைத் தானே வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டதுபோல இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டாள்.

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேம்மா."

"இருக்கானா?"

"இருக்கான். ஆனா கேளும்மா, அது வெறும் எண்ணு. இந்த மிஷின் அதைத் திருப்பிப் படிக்குது, அவ்வளவுதான். வேற எதுவும் நெனச்சுக்காதே."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்டி."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டாள். பிறகு வந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

அவள் கருவியை அந்தக் கையில் வைத்தாள்.