பாட்டே இல்லாத தட்டு

சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரிலிருந்து பல குடும்பங்கள் மெயின்லேண்டுக்கே திரும்பின. எங்கள் குவார்ட்டர்ஸில் மேல்வீட்டுக்காரரும் கப்பலேறினார். தூக்க முடியாது என்று அவர் விட்டுப்போன சாமான்களில் கனமான ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாள் அம்மா. நான் போடவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அபர்டீன் பஜாரில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். கடை இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்படித் திறந்த பக்கம் ஒன்றில்தான் டிஜேக்கள் ரெக்கார்டை வைத்து லேப்டாப் பாட்டை ஆட்டுவிக்கும் அந்த விஷயத்தைப் படித்தேன். பாட்டு முழுக்க லேப்டாப்பில் இருக்கும். ரெக்கார்டில் பாட்டே கிடையாது, கீச்சென்று ஒரே சத்தம் மட்டும். முள் அந்தச் சத்தத்தைப் படிக்கப் படிக்க, தட்டு எந்த வேகத்தில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சாஃப்ட்வேர் தெரிந்துகொண்டு பாட்டை நகர்த்தும். விரலால் தட்டை நிறுத்தினால் பாட்டு நிற்கும். பின்னால் இழுத்தால் அதுவும் பின்னால் வரும். அதே கீச்சுச் சத்தம் பதிந்த சி.டி.யும் உண்டு.

சென்னையிலிருந்த சித்தப்பா மகனிடம் சொல்லி, ரெக்கார்டு, சி.டி., இவற்றை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி ஆகிய மூன்றையும் கப்பலில் வரவழைத்தேன். லேப்டாப்பைத் தவணையில் வாங்கினேன். மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து டிஜேக்கள் வைத்திருக்கும் சி.டி. பிளேயர் ஒன்றும் கிடைத்தது. இடது பக்கம் ரெக்கார்டு, வலது பக்கம் சி.டி. ஒரு பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளத்தைக் கையால் இழுத்துச் சேர்க்க எட்டு மாதம் பிடித்தது. மவுஸில் ஒரு க்ளிக் போதுமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்காதவர் இல்லை. எனக்கு க்ளிக் வேண்டாம். பாட்டு என் கையில் தட்டுப்பட வேண்டும்.

என்னோடு கடையில் வேலை பார்த்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் ஒரு ஹாலில் பகல் ரிசப்ஷன். நீங்கள்தான் பாட்டுப் போட வேண்டும் என்று அவள் ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஒரு தெலுங்குச் சவுண்டுக்காரருடையது. ஆட்களின் ஆட்டத்தில் மேடைப் பலகை அதிர்ந்தால் முள் எகிறும். அதனால் இரண்டு ஹாலோ பிளாக்கின் மேல் சைக்கிள் டியூப்பை மடித்துப் போட்டு, அதன்மேல் பிளேயரை வைத்தேன்.

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி வந்தார்.

"ஏம்மா, பொம்பளப் புள்ள மேடையில நின்னு கூத்துக் காட்டுறது நம்ம வழக்கமில்ல. எறங்கு. சவுண்டுக்காரர் பாத்துக்குவாரு."

சபையில் நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது சுட்டது. சண்டை போட்டால் கல்யாணப் பெண்ணின் முகம்தான் வாடும் என்று தோன்றியது. முள்ளைத் தூக்கினேன். ரெக்கார்டை எடுத்தேன், சி.டி.யை எடுத்தேன். "இது ரெண்டும் என்னோடது சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி, முதல் வரிசையில் அவர் கண்ணெதிரே, ரெக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சவுண்டுக்காரர் லேப்டாப்பில் க்ளிக் செய்தார். பாட்டு அசையவில்லை. தன்னிடமிருந்த சினிமாப் பாட்டு சி.டி. ஒன்றைப் போட்டார். அதுவும் பெட்டி வழியாக லேப்டாப்புக்குத்தான் போனது; கீச்சுச் சத்தத்துக்குக் காத்திருந்த சாஃப்ட்வேருக்கு அந்தப் பாட்டு விளங்கவில்லை. ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. "மேடம், ஏ தோ சுன்தா ஹி நஹி" என்று மேடையிலிருந்தே என்னிடம் முறையிட்டார், இது சொன்ன பேச்சே கேட்கவில்லை என்று. ஒரே ஒரு பட்டனை மாற்றினால் மவுஸ் சொன்னபடி கேட்கும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அது சரியா என்று யாராவது கேட்டால், இன்றைக்கு நடந்தாலும் சொல்ல மாட்டேன் என்பதுதான் என் பதில்.

ஹாலில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. தாய்மாமன் சவுண்டுக்காரரைத் திட்டினார், பிறகு லேப்டாப்பைத் திட்டினார். மாலையும் கழுத்துமாக நின்ற கல்யாணப் பெண் அலங்கார நாற்காலிப் பக்கமிருந்து நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க ஏறுங்க." பிறகு மாமாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "அக்காதான் போடுவாங்க மாமா. இல்லன்னா பாட்டே வேணாம்."

மாப்பிள்ளை எழுந்துபோய் ஹாலோ பிளாக்கின் மேல் நழுவியிருந்த டியூப்பைச் சரிசெய்தான். அது போதுமாக இருந்தது.

மேடையேறி ரெக்கார்டையும் சி.டி.யையும் திரும்பப் போட்டு முள்ளை வைத்தேன். வேண்டுமென்றே தட்டை ஒரு முழுச் சுற்று பின்னுக்கு இழுத்தேன். நாதஸ்வரம் வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடித் திரும்பி வந்து, வலது பக்கப் பறைத் தாளத்தின்மேல் பொருந்தி விழுந்தது. பெண்ணின் பக்கத்து வீட்டுப் பெங்காலிகள்தான் முதலில் ஆட வந்தார்கள், பிறகு மலையாளிகள், கடைசியில் எங்கள் ஆட்கள். நடுவில் இரண்டு முறை முள் எகிறியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. தாய்மாமன் பந்திக்குப் போனவர் ஹால் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் சிலர் என்னைக் கூப்பிடக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். புரோத்ராபூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் மட்டும் வந்து, மேடைக்குப் பின்னால் திரை கட்டித் தருகிறோம், உள்ளே இருந்து போடுங்கள் என்று தன்மையாகவே கேட்டார். என் கை ரெக்கார்டின் மேல் இருப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும், அதுதான் என் வேலை என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனவர் மறுநாளே கடைக்கு வந்தார். திரை இல்லை, வாருங்கள் என்றார். போனேன்.