விளம்பரக் குழந்தை அழுதபோது

அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது: பத்தல.

அக்கா குழந்தை பெற்று நெல்லித்தோப்பில் எங்களோடு இருந்தாள். பாப்பா அழுதால் பால் பத்தல. அசந்து தூங்கினால் அதுவும் பால் பத்தாத மயக்கம். எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பத்துதாம்மா?" என்பார், சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி.

இதில் வாட்ஸப் குழு வேறு. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசி அக்காவின் நம்பரை வாங்கி, பால்மாவுக் கம்பெனி நடத்தும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். தினமும் காலையில் கேள்வி வரும்: "அம்மா, பாப்பாவுக்கு வயிறு நிறைஞ்சுதா?" நான் மார்க்கெட்டிங் படிக்கிறவள். சத்தியமாக அசந்துபோனேன். பால்மாவு வாங்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. சந்தேகத்தை மட்டும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். டப்பாவை நாமே ஓடிப்போய் வாங்குகிறோம். அம்மா வாங்கிவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தன் பாலிலேயே பிள்ளை வளரணும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. தடுப்பூசிக்குப் போனபோது எடை நன்றாக ஏறியிருக்கிறது, பால் போதும் என்றார் நர்ஸ். ஆனால் நர்ஸ் ஒருமுறைதான் சொன்னார். குழு தினமும் கேட்டது.

ஒரு சாயங்காலம் அக்கா தோற்றுவிட்டாள். "பாப்பா எழுந்ததும் டப்பாவப் பிரிச்சிடலாம்டி. வெந்நீ வை."

அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு அவள் போனை எடுத்தேன். குழுவில் புது வீடியோ. தொட்டதும் ஒரு குழந்தை பசியில் வீறிட்டது. கீழே எழுத்து: "உங்கள் பால் மட்டும் போதுமா?" சத்தத்தைக் குறைப்பதற்குள் அக்கா "ஐயோ" என்று இரண்டு கையாலும் மாரை அழுத்திக்கொண்டாள். நைட்டியின் முன்பக்கம் நனைந்து விரிந்துகொண்டே போனது.

"இன்னாடி இது! நம்ம பாப்பா தூங்குதே!"

"போன் புள்ளைக்குக்கா."

"அது எவ பெத்த புள்ளையோ!"

"உன் ஒடம்பு அட்ரஸ்லாம் கேக்கல. அழுவுது, ஊத்துது."

டவலோடு ஓடிவந்த அம்மா துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "பத்தல பத்தலன்னீங்களேடி. எனக்கு டவலுதான் பத்தல."

எத்தனை பேர் ஏசி அறையில் மண்டையை உடைத்து எடுத்த வீடியோ அது! அவளைப் பயமுறுத்த அழவைத்த குழந்தைக்கு, அவளைக் கேட்காமலே அவள் உடம்பு பால் கொடுக்கக் கிளம்பிவிட்டது. எந்த ஊர்க் குழந்தையோ, யார் வீட்டு அழுகையோ. படிப்பில் இதற்கு எனக்கு ஒரு பாடமும் இல்லை.

உள்ளே பாப்பா சிணுங்கியது. அக்கா தூக்கி அணைத்தாள். கண்ணைக்கூடத் திறக்காமல் அது முகத்தைத் திருப்பித் தேடி, கண்டுபிடித்து, கவ்விக்கொண்டது.

"அந்தக் குழுவுலேர்ந்து என்னைத் தூக்கிடுடி."

"தேங்க்ஸ் சொல்லிட்டா, சொல்லாமலா?"

அக்கா சிரித்த குலுக்கலில் பாப்பா கோபமாக உறுமியது. கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் அம்மா எங்களுக்கு டீ போட்டாள்.