சரிவில் ஏறிய எண்கள்

நான் வியாபாரி. விலையில் பொய் சொல்வேன், சரக்கில் சொல்லமாட்டேன். இது சரக்கு. சந்தேகப்படுகிறவர்கள் இகீக்கே நகரத்துக்கு வந்து என் லாரியைப் பாருங்கள். காயலான் கடைக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கிறது. வாங்க வேண்டாம், பார்த்தால் போதும்.

போன மே மாதம். நானும் என் மனைவியின் தம்பி நிபால்தோவும் டயர் ஏற்றிக்கொண்டு அந்தோபகஸ்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிளம்பும்போது என் மனைவி யாஸ்னா லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இருக்கறது ஒரே தம்பி. முழுசா கூட்டிட்டு வந்துடுங்க."

கடலுக்கு இறங்கும் சரிவில் அறுபது என்று வேகப் பலகை உண்டு. அறுபதில் போகிறவனை நான் பார்த்ததில்லை. எல்லாரும் எண்பது. முன்பு ஐம்பது என்று இருந்தபோது எழுபது. சர்க்கார் ஓர் எண் சொல்லும், நாங்கள் இருபது கூட்டி முடிப்போம்.

"நூறா ஏத்தப் போறாங்களாம் அத்தான்," என்றான் நிபால்தோ.

"அப்ப நாம நூத்தியிருபது."

"உங்களுக்குப் பேராசை."

"உங்க அக்காவையே பேரம் பேசாமக் கட்டினவன்டா நான்."

"அந்த நஷ்டத்தைத்தானே இன்னும் ரோட்டுல ஈடுகட்டறீங்க."

சரிவின் உச்சியில் புதிதாக ஓர் அனிமிதா. சாலையில் செத்தவனின் ஆவி தங்க, பொம்மை வீடு மாதிரிக் கட்டிவைப்பார்கள். பழையதென்றால் ஹார்ன் அடித்துவிட்டுப் போவோம். புதிதென்றால் நின்று தண்ணீர் பாட்டில் வைப்போம். கூட வந்தவன் இறங்கி வைப்பான். ஓட்டுகிறவன் இன்ஜினை அணைக்கமாட்டான், அந்தப் பக்கம் திரும்பவும் மாட்டான். கதவு சாத்தியதும் மூன்று ஹார்ன். கிளம்பிவிட வேண்டும்.

மாலை ஐந்தே முக்கால். கடல் மூடுபனி மேலே ஏறிவந்தது. நிபால்தோ பாட்டிலோடு இறங்கினான். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்... கதவு சாத்தும் சத்தம். மூன்று ஹார்ன். கிளம்பினேன்.

"வச்சியா?"

"ம்."

தார் வாசனை அடித்தது. சூடான, புதுத் தார். அந்தச் சாலையில் ஒரு வருடமாக யாரும் தார் போடவில்லை.

பனிக்குள்ளிருந்து பலகை வந்தது. நூறு.

"ஏத்திட்டாங்கடா."

"கூட்டு," என்றான். குரல் அவனுடையதுதான்... ஆனால் 'அத்தான்' இல்லை, மரியாதை இல்லை.

கூட்டினேன். அடுத்த பலகை, நூற்றிருபது. இந்தச் சரிவில், இந்தப் பனியில், எவன் வைப்பான்? காலை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. என் பாதத்தின் மேல் ஒரு பூட்ஸ்.

நிபால்தோ போட்டிருந்தது துணி ஷூ.

"காலை எடு."

"கூட்டு."

நூற்று நாற்பது. க்ரக்... என் கணுக்கால் எலும்பு. முழங்கையால் அவன் முகத்தில் இடித்தேன். மறுபடி இடித்தேன். ஈரம் தெறித்தது. மூன்றாவது இடியில் முழங்கை உள்ளே போனது...

கைபிரேக்கை இழுத்தேன்.

உருண்டோம்.

கண்ணாடி... வானம்... மணல்...

ஜன்னல் வழியே தவழ்ந்து வெளியே வந்தேன். நிபால்தோ, நிபால்தோ என்று கத்தினேன். சிதறிய டயர்களைப் புரட்டித் தேடினேன். லாரி அவன் பக்கமாகக் கவிழ்ந்து தரையோடு நசுங்கியிருந்தது. யாஸ்னா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மணலைக் குத்திக் குத்தி அழுதேன்.

போலீஸ் வண்டி வந்தது. பின்கதவு திறந்து நிபால்தோ இறங்கினான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"ஏன் அத்தான், தண்ணி வச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டீங்க? பின்னாலயே கத்திக்கிட்டு ஓடி வந்தேன்..."

என் காலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

பலகைகளைப் பற்றிச் சொன்னேன். சார்ஜென்ட் சிரிக்கவில்லை.

"இங்க இன்னும் அறுபதுதான். நூறு மாட்ட, தார் ரோடு போடற ஆள் ஒருத்தர் போன மாசம் பலகையோட வந்தார். குழி தோண்டும்போதே லாரி அடிச்சிடுச்சு. எண்பதுல வந்த லாரி. ஆளை எடுத்தோம். நீங்க தண்ணி வச்சது அவருக்குத்தான். பலகை மட்டும் கிடைக்கவே இல்ல."

மறுநாள் கிரேன் வைத்து லாரியை நிமிர்த்தினார்கள். பார்க்கப் போன நிபால்தோ, ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான்.

"பலகை கிடைச்சிடுச்சு அத்தான்."

"எங்க?"

"என் சீட்டுல... கழுத்து வர்ற இடத்துல. சீட்டை ரெண்டா வெட்டிக்கிட்டு நிக்குது."